இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் உதறிய பதவி

ஹராமான தொழிலைச் செய்து கொண்டிருக்கும் ஒருவர் அதை விட்டுவிட வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வட்டிக் கடையில் கணக்கு எழுதுபவரிடம் அதிலிருந்து விலகுங்கள் என்று சொல்வதற்கு ஓர் ஆலிம் வரவேண்டியதில்லை; வீட்டிலுள்ள பெரியவர்களே சொல்லி விடுவார்கள். ஆனால் தொழிலும் ஹலால், ஊதியமும் ஹலால், ஊரில் மதிப்பும் குறைவில்லை, குடும்பமும் கஷ்டமின்றி நடக்கிறது, உள்ளம் மட்டும் வறண்டு கிடக்கிறது என்றால் அவர் என்ன செய்வது? அதிலும், அவர் பார்க்கும் வேலையே மார்க்கக் கல்வியைப் போதிக்கும் வேலையாக இருந்துவிட்டால்?

இந்தச் சங்கடத்தில் அகப்பட்டுத் தவித்தவர்தாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூஹாமித் முஹம்மது அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அன்னாரின் 'இஹ்யா உலூமித்தீன்' பற்றிக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு நம்மிடையே அரிது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது கடற்கரை ஊர்க்காரர்களுக்கோ அன்னாருடன் இன்னொரு தொடர்பும் உண்டு. அன்னார் எழுதிய 'அல்வஜீஸ்' என்ற சட்ட நூலுக்கு இமாம் ராஃபிஈ (ரஹ்) விளக்கம் எழுதினார்கள். அந்த விளக்கத்தை இமாம் நவவீ (ரஹ்) சுருக்கித் தந்தார்கள். நாம் கேட்கும் பத்வாக்களின் பின்னே அன்னாரின் பேனாவும் இருக்கிறது.

இத்தகைய பேரறிஞர் தமது பதவியை விடுவதற்கு ஆறு மாத காலம் அஞ்சித் தயங்கினார்கள் என்பது நம்மில் பலர் கவனிக்காத செய்தி. அதை வேறு யாரும் தூற்றிச் சொல்லவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பின் தாம் எழுதிய 'அல்முன்கிது மினழ் ழலால்' என்னும் நூலில் இமாமவர்களே ஒளிவு மறைவின்றி எழுதி வைத்துவிட்டார்கள்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 450-ல், அதாவது கி.பி. 1058-ல், குராஸான் நாட்டிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. படிப்பில்லாதவர். ஆனால் ஆலிம்களின் சபையில் போய் உட்காருவதில் அவருக்கு அளவற்ற ஆசை. சட்ட மேதைகளின் பேச்சைக் கேட்டால் கண்ணீர் விட்டு, எனக்கு இப்படியொரு மகனைத் தா என்று இறைவனிடம் கேட்பாராம். உபதேசம் கேட்கச் சென்றால் அங்கும் அதே கண்ணீர், அதே துஆ. இரண்டும் கபூலாயின. மூத்தவர் முஹம்மது சட்டமேதையானார். இளையவர் அஹ்மது நாடறிந்த உபதேசியானார். இரண்டையும் பார்க்கத் தந்தையாருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

மரணத் தறுவாயில் அவர் தம் இரு சிறுவர்களையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்து, கையிலிருந்த சிறு தொகையையும் கொடுத்து, அது முழுவதும் செலவானாலும் சரி, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நண்பர் சொன்ன சொல்லைக் காத்தார். ஆனால் பணம் தீர்ந்துவிட்டது. அவரோ தாமே வறியவர். வேறு வழியில்லாமல், மத்ரஸாவில் சேர்ந்துகொள்ளுங்கள், அங்கே மாணவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இமாமவர்கள் மத்ரஸாவின் வாசலை மிதித்தது வயிற்றுக்காக. பிற்காலத்தில் அவர்களே இதை நினைவுகூர்ந்து, நாங்கள் அல்லாஹ்வுக்காக அல்லாமல் கல்வியைத் தேடிப் போனோம். அந்தக் கல்வியோ அல்லாஹ்வுக்காக அல்லாமல் வேறெதற்கும் ஆகமாட்டேன் என்று மறுத்துவிட்டது என்ற கருத்தில் கூறுவார்களாம். ஆனால் அந்த மறுப்பு வெளிப்படச் சுமார் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

தூஸில் தொடங்கிய படிப்பு ஜுர்ஜானுக்குப் போனது. அங்கிருந்து திரும்பும் வழியில் கொள்ளையர்கள் வந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டதும், பாடக் குறிப்புகளை மட்டுமாவது தாருங்கள் என்று இளைஞர் கஸ்ஸாலி கொள்ளையர் தலைவனின் பின்னால் கெஞ்சிக்கொண்டே போனதும், ஏட்டைப் பறித்ததும் போய்விடும் படிப்பு என்ன படிப்பு என்று அவன் நகைத்ததும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த கதை. ஏடுகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் அந்த ஏளனம் தைத்துவிட்டது. மூன்றாண்டுகள் அமர்ந்து அத்தனையையும் மனனம் செய்து முடித்த பிறகுதான் இமாமவர்கள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்கள்.

அடுத்த ஊர் நைஸாபூர். அங்கே இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களின் மாணவராகி, ஆசிரியரே வியக்கும்படி வளர்ந்தார்கள். ஹிஜ்ரி 478-ல் ஆசிரியர் வபாத்தானதும், ஸல்ஜூக்கியப் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் சபைக்குச் சென்றார்கள். அந்தச் சபையில் ஆலிம்களிடையே விவாதங்கள் நடக்கும். வென்றவருக்குப் பரிசும் பதவியும் கிட்டும். இமாமவர்களை எதிர்த்து நின்று பேச ஆளில்லாமற் போயிற்று.

ஹிஜ்ரி 484-ல் (கி.பி. 1091) பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் தலைமை ஆசிரியர் பதவி இமாமவர்களைத் தேடி வந்தது. அப்போது வயது முப்பத்து நான்கு. இன்றைய கணக்கில் அதை ஒரு கல்லூரி வேலை என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்து முஸ்லிம் உலகில் ஓர் ஆலிம் அடையக்கூடிய உயரங்களில் அதற்கு மேல் அதிகமில்லை. அன்னாரின் பாடத்தில் முந்நூறு மாணவர்கள் அமர்ந்தார்கள். ஹன்பலி மத்ஹபின் பெரிய அறிஞரான இப்னு அகீல் போன்றவர்களே வந்திருந்து கேட்டார்கள். கலீபாவின் அரண்மனையில் அன்னாருக்குத் தனி மரியாதை. புதிய கலீபா முஸ்தழ்ஹிர் பைஅத் பெற்ற சபையில் இமாமவர்களும் இருந்தார்கள். இமாமவர்கள் பக்தாதுக்குள் நுழைந்தபோது அணிந்திருந்த ஆடைகளையும் ஏறி வந்த வாகனத்தையும் விலை போட்டுப் பார்த்தவர்கள், அவை ஐந்நூறு தீனார் பெறும் என்று கணித்தார்கள். இந்தத் தொகையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

கம்பளி நூற்றவரின் மகனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த நான்காண்டுகளில் பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய பொழுதில் தத்துவ நூல்களை ஆசிரியரின்றித் தாமே கற்று, அவற்றின் தவறுகளை எடுத்துக்காட்டும் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வை ஹிஜ்ரி 488-ன் முஹர்ரம் மாதத்தில் எழுதி முடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது புகழின் உச்சி. உள்ளே நடந்ததோ வேறு.

இமாமவர்கள் சூஃபியாக்களின் நூல்களைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். அபூதாலிப் மக்கீயின் 'கூத்துல் குலூப்', ஹாரிஸ் முஹாஸிபீயின் நூல்கள், ஜுனைதுல் பக்தாதீ, ஷிப்லீ, அபூயஸீத் பிஸ்தாமீ ஆகியோரின் கூற்றுகள் எல்லாம் படித்து முடித்தாயிற்று. அப்போதுதான் ஓர் உண்மை பட்டென்று உறைத்தது. நோயாளியான வைத்தியருக்கு ஆரோக்கியம் என்றால் என்ன என்பது நன்றாகவே தெரியும். அதனால் அவருக்கு ஆரோக்கியம் வந்துவிடுமா? உலகப் பற்றை விடுவது பற்றிப் பாடம் நடத்துவது வேறு, விடுவது வேறு. படித்துப் பெற வேண்டியதை எல்லாம் பெற்றாகிவிட்டது. எஞ்சியிருப்பது படிப்பால் கிடைக்கக் கூடியதன்று.

பிறகு தம்மைத் தாமே எடை போட்டார்கள். தாம் செய்யும் செயல்களில் சிறந்தது எது? பாடம் நடத்துவது. அந்தப் பாடங்கள் என்ன? மறுமைக்கு உதவாத பல துறைகளும் அதில் கலந்திருந்தன. சரி, எந்த நிய்யத்தில் நடத்துகிறோம்? இந்தக் கேள்விக்குத் தமக்குள் கிடைத்த பதில் அன்னாரை நடுங்க வைத்துவிட்டது. பெயரும் புகழும் பதவியுமே தம்மை இயக்குகின்றன, அல்லாஹ்வின் திருப்பொருத்தம் அன்று என்று கண்டுகொண்டார்கள். சரிந்து விழும் ஆற்றங்கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்ந்தார்கள். அமல்கள் எல்லாம் நிய்யத்தைப் பொறுத்தவை என்ற ஹதீஸை முந்நூறு பேருக்கு விளக்கக் கூடியவர், அதைத் தம் மீதே பொருத்திப் பார்த்தபோது கிடைத்த முடிவு இது!

ஆனாலும் எழுந்து போய்விட முடிந்ததா? இல்லை. ஒரு நாள் பக்தாதை விட்டுப் போவதென்று உறுதி கொள்வார்கள். மறுநாள் அந்த உறுதி கலைந்துவிடும். ஒரு காலை முன்னே எடுத்து வைத்தால் மறுகால் பின்னே போகும். காலையில் மறுமையின் ஆசை பிறக்கும்; மாலையில் உலக ஆசைகள் படை திரண்டு வந்து அதை விரட்டிவிடும். ஆயுள் குறுகிவிட்டது, பயணமோ நெடியது என்று ஈமான் ஒரு பக்கம் அழைக்கும். இது வந்து போகும் மனநிலைதான், இதற்கு இடம் கொடுத்து இந்த எதிர்ப்பில்லாத பெரும் பதவியை விட்டுவிட்டால் நாளை மனம் ஏங்கும், திரும்பி வர நினைத்தாலும் கிடைக்காது என்று ஷைத்தான் மறுபக்கம் ஓதுவான். இரண்டாவதாகச் சொன்ன இந்த வாதத்தில் ஷைத்தானின் பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால், நம் நண்பர்களும் உறவினர்களும் நல்லெண்ணத்துடன் சொல்லும் புத்திமதி போலவே இருக்கிறது!

ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இந்தப் போராட்டம் நீடித்தது. இறுதியில் உடல் மறுத்துவிட்டது. ஒருநாள் பாடம் நடத்த வாயைத் திறந்தார்கள்; நாவு எழவில்லை. வந்திருக்கும் மாணவர்களின் மனம் குளிரவாவது ஒரு நாள் பேசிவிடலாம் என்று முயன்றார்கள்; ஒரு சொல் கூட வரவில்லை. அந்தத் துயரம் உள்ளே இறங்கி, உணவும் இறங்காமல் செய்துவிட்டது. ஒரு கவளம் ஜீரணமாகவில்லை. ஒரு மிடறு கஞ்சியும் தொண்டைக்குள் போகவில்லை. உடல் மெலிந்தது. வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். இது மனதில் பிடித்த நோய், அங்கிருந்து உடலுக்கு வந்திருக்கிறது, உள்ளத்தின் பாரம் இறங்கினாலொழிய மருந்தால் பயனில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

எந்த நாவால் சபைகளை வென்றார்களோ அந்த நாவே கட்டுண்ட பிறகு, இமாமவர்கள் வேறு போக்கிடம் இல்லாத ஒருவரைப் போல் அல்லாஹ்வின் பக்கம் திரும்பிக் கேட்டார்கள். அதன் பின்னர் பதவியையும் பொருளையும் பெண்டு பிள்ளைகளையும் நண்பர்களையும் விட்டுப் பிரிவது எளிதாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். துணிவு என்பது அன்னாருக்குத் தம்முடைய சொந்த முதலாக இருக்கவில்லை. கேட்டுத்தான் பெற்றார்கள்.

புறப்பாட்டிலும் ஒரு நிதானம் இருந்தது. கலீபாவும் நண்பர்களும் தடுத்துவிடக் கூடாதென்று, மக்காவுக்குப் போவதாக வெளியில் சொல்லிவிட்டு, ஷாம் நாட்டுக்குப் போக உள்ளூர ஏற்பாடு செய்தார்கள். தம்மிடமிருந்த பொருளைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் முழுவதையும் அல்ல! பிள்ளைகளின் உணவுக்கு வேண்டிய அளவை நிறுத்திக்கொண்டார்கள். இராக்கின் வருவாய்கள் முஸ்லிம்களின் நலனுக்காக வக்ஃபு செய்யப்பட்டவை, ஓர் ஆலிம் தம் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பொருள் உலகில் வேறு இல்லை என்று அதற்குச் சட்ட ஆதாரமும் காட்டினார்கள். உலகைத் துறக்கப் புறப்பட்ட அந்த நேரத்திலும் அன்னாருக்குள் இருந்த ஃபகீஹ் தூங்கவில்லை. வீட்டாரைப் பசியில் விட்டுவிட்டுத் தவக்குல் பேசுகிற சிலர் இந்த ஏற்பாட்டைப் படித்துப் பார்ப்பது நல்லது. மத்ரஸாவில் பாடம் நின்றுவிடாமல் இருக்கத் தம்பி அஹ்மது அந்த இடத்தில் அமர்ந்தார்கள்.

ஹிஜ்ரி 488 துல்கஃதாவில் (கி.பி. 1095) இமாமவர்கள் பக்தாதை விட்டு வெளியேறியதும் ஊர் கலகலத்தது. மார்க்கத்தில் இதைவிட உயர்ந்த பதவி ஏது, அதை ஒருவர் மார்க்கத்துக்காகவே விடுவாரா என்று ஆலிம்களே ஏசினார்கள். தொலைவிலிருந்தவர்கள், ஆட்சியாளர்களுக்குப் பயந்து ஓடிவிட்டார் என்றார்கள். அருகிலிருந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாயில்லை. ஆட்சியாளர்கள் அன்னாரைத் தேடி வந்து கெஞ்சியதையும், அன்னார் முகம் திருப்பிக்கொண்டதையும் அவர்கள் கண்ணால் கண்டவர்கள். ஆகவே இஸ்லாமிய சமுதாயத்தின் மீது ஏதோ கண்ணேறு பட்டுவிட்டது என்று சொல்லித் தேற்றிக்கொண்டார்கள். பாத்தினிய்யாக் கூட்டத்தாரின் கத்திக்கு அஞ்சியே அன்னார் வெளியேறியிருப்பார்கள் என்று இக்காலத்திலும் சிலர் எழுதுகிறார்கள். அமைச்சர் நிஜாமுல் முல்க் ஹிஜ்ரி 485-ல் கத்திக் குத்தில் மாண்டது உண்மைதான். ஆனால் உயிருக்குப் பயந்தவர் தம் புகழையும் ஆடையையும் கூடவா விட்டுப் போவார்?

திமிஷ்கில் ஏறத்தாழ இரண்டாண்டுகள். தனிமை, திக்ரு, நஃப்ஸைப் பழக்குவது, இவைதாம் வேலை. உமவிய்யா பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாளிட்டுக்கொண்டு பகல் முழுவதும் அங்கேயே இருப்பார்கள். அங்குள்ள ஒரு மத்ரஸாவில் ஆசிரியர் தம் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்துவதைக் கேட்டு, பெருமை வந்துவிடுமோ என்றஞ்சி ஊரையே விட்டுப் போனார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையில் வரும் அமீனிய்யா மத்ரஸா இமாமவர்கள் வபாத்தான பிறகே கட்டப்பட்டது. எனவே அதை விட்டுவிடுவோம். உண்மை வரலாறே போதுமான அளவுக்கு இருக்கிறது.

பிறகு பைத்துல் முகத்தஸ். அங்கும் குப்பத்துஸ் ஸக்ராவில் கதவை அடைத்துக்கொண்டு இபாதத். சிலுவைப் படையினர் கைக்கு அந்நகரம் போவதற்கு (ஹிஜ்ரி 492) முந்திய கடைசி ஆண்டுகள் அவை. அங்கிருந்து ஹெப்ரோன் சென்று, நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் மூன்று உறுதிகள் எடுத்தார்கள்: இனி எந்த அரசரின் வாசலுக்கும் செல்வதில்லை, எந்த அரசரின் பணத்தையும் பெறுவதில்லை, எவருடனும் வாதப் போர் புரிவதில்லை. தம்மை உயர்த்திவிட்ட மூன்று ஏணிகளையும் பெயர் சொல்லித் தள்ளிவிட்டார்கள். அதன் பின் ஹஜ்ஜும் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஜியாரத்தும் நிறைவேறின.

'இஹ்யா' உருவானது இந்தப் பயண ஆண்டுகளில்தான். நாற்பது பாகங்கள், வணக்கங்கள், வாழ்க்கை முறைகள், அழிவில் தள்ளுபவை, ஈடேற்றம் தருபவை என நான்கு பகுதிகள். முகஸ்துதியைப் பற்றியும் பதவி மோகத்தைப் பற்றியும் அதில் எழுதப்பட்ட பாகத்தைப் படிப்பவர்கள், எழுதியவர் இந்த நோயை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர் என்பதை உணர்வார்கள்.

ஹிஜ்ரி 490-ல் இமாமவர்கள் பக்தாதில் மீண்டும் காணப்பட்டார்கள். முன்பு ஐந்நூறு தீனார் விலை போட்டவர்கள் இப்போதும் ஆடையை மதிப்பிட்டுப் பார்த்தார்கள். பதினைந்து கீராத். ஒரு முழுத் தீனார் கூடப் பெறவில்லை.

பக்தாதில் அதிக நாள் தங்கவில்லை. பிள்ளைகளின் அழைப்பு தம்மை ஊருக்கு இழுத்தது என்று எழுதுகிறார்கள். தூஸில் தனிமையைத் தேடினார்கள். ஆனால் காலத்தின் சம்பவங்களும் குடும்பக் கவலைகளும் பிழைப்புத் தேவைகளும் வந்து குறுக்கிட்டன. மனம் தெளிந்திருந்த நேரங்கள் விட்டு விட்டே கிடைத்தன என்கிறார்கள். ஒரு பெரிய ஞானியின் வாழ்க்கையில் வீட்டுச் செலவுக் கவலையும் இடம் பெற்றிருப்பதைப் படிக்கும்போது நமக்கு ஓர் ஆறுதல் உண்டாகத்தான் செய்கிறது.

பதினோரு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க் அப்போது குராஸானில் அமைச்சர். நைஸாபூர் நிஜாமிய்யாவில் பாடம் நடத்தியே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக அழைத்தார். இமாமவர்களுக்கு இப்போது எதிர்த் திசையில் சோதனை. மக்கள் மார்க்கத்தில் தளர்ந்து கிடக்கையில் நான் மூலையில் அமர்ந்திருப்பது இறைவனுக்காகவா, அல்லது சோம்பலுக்காகவும் சுகத்துக்காகவும் ஊர் வம்பிலிருந்து தப்பிப்பதற்காகவுமா என்று தம்மைக் கேட்டுக்கொண்டார்கள். தனிமைக்குள்ளும் நஃப்ஸு வந்து பாய் விரித்துக்கொள்ளும் என்பது அன்னாருக்குத் தெரிந்திருந்தது. நல்லடியார்கள் பலரிடம் ஆலோசனை செய்து, ஹிஜ்ரி 499 துல்கஃதாவில் நைஸாபூர் சென்றார்கள். பக்தாதை விட்டதும் ஒரு துல்கஃதாவில்தான்.

அரசு மத்ரஸாவில் அமர்வது ஹெப்ரோனில் எடுத்த உறுதிக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. இமாமவர்கள் அதற்குத் தம் நூலில் சொல்லும் விளக்கம் இதுதான்: திரும்பி வந்தது போல் தோன்றினாலும் தாம் திரும்பவில்லை; முன்பு பதவியைத் தேடித் தரும் கல்வியைப் போதித்தோம், இப்போது பதவியை விடச் சொல்லும் கல்வியைப் போதிக்கிறோம்.

இதைச் சொல்வது எளிது. சோதித்துப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். நைஸாபூரைச் சேர்ந்த அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸீ என்ற வரலாற்றாசிரியர் இமாமவர்களை இளமையிலேயே அறிந்தவர். அப்போது அன்னாரிடம் இருந்த கடுமையையும், பிறரைத் தாழ்வாகப் பார்க்கும் பார்வையையும், தம் அறிவில் கொண்டிருந்த செருக்கையும் நேரில் கண்டவர். எனவே இந்தப் பணிவெல்லாம் ஒரு போர்வையாக இருக்குமோ என்று சந்தேகித்துப் பலமுறை சென்று பார்த்தார். பழகிப் பார்த்த பிறகு, தம் எண்ணம் தவறு, மனிதர் உண்மையாகவே மாறிவிட்டார் என்று பதிவு செய்திருக்கிறார்.

நைஸாபூரில் சிறிது காலமே இருந்துவிட்டு இமாமவர்கள் தூஸுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்கருகில் மாணவர்களுக்கென்று ஒரு மத்ரஸாவும் சூஃபியாக்களுக்கென்று ஒரு கான்காவும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுவது, பாடம் சொல்வது, உள்ளமுடையோருடன் அமர்வது என்று நாட்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஆயிரமாயிரம் பக்கங்கள் எழுதி முடித்த அந்த வயதில் ஸஹீஹுல் புகாரீயையும் ஸஹீஹ் முஸ்லிமையும் ஒரு மாணவரைப் போல் அமர்ந்து பாடம் கேட்டார்கள்.

ஹிஜ்ரி 504-ல் பக்தாதிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. அதே நிஜாமிய்யா, அதே ஆசனம். இமாமவர்கள் பணிவாக மறுத்து எழுதினார்கள். தூஸில் தம்மிடம் ஓதிக்கொண்டிருக்கும் மாணவர்களையும், தம் குடும்பத்தையும், ஹெப்ரோனில் எடுத்த உறுதியையும் காரணமாகக் காட்டினார்கள். இந்த முறை நாவு கட்டவில்லை, வைத்தியர் வரவில்லை. ஒரு கடிதத்தோடு விஷயம் முடிந்தது.

அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிர் பிறை 14, திங்கட்கிழமை (18 டிசம்பர் 1111), ஸுப்ஹு நேரத்தில் இமாமவர்கள் ஒளூ செய்து தொழுதார்கள். தமது கபன் துணியைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி, முத்தமிட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு கிப்லாவை நோக்கிக் கால்களை நீட்டிப் படுத்தார்கள். கிழக்கு வெளுக்கு முன் உயிர் பிரிந்தது. இதைத் தம்பி அஹ்மது சொல்ல, கேட்டவர்கள் எழுதி வைத்தார்கள்.

இமாமவர்களுக்குப் பின் எஞ்சியவர்கள் பெண்மக்கள் மட்டுமே. பலர் பொருள் தர முன்வந்தும் அன்னார் ஏற்கவில்லை. பரம்பரையாக வந்ததும் தாமே சம்பாதித்ததுமான ஒரு சிறு சொத்து குடும்பத்தின் உணவுக்குப் போதுமானதாக இருந்தது என்று அந்த அப்துல் காஃபிரே எழுதியிருக்கிறார்.